லாக் பைன் கரைப் பெருவிடுதி

அரண்மனைகளின் சரித்திரத்தை எழுதினோர் பலர். கோட்டைகளின் சரித்திரத்தை எழுதினோரும் பலர். வழிப்போக்கர் ஓரிரவு படுத்தெழுந்து போகும் விடுதியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு தேசத்து ஜனங்கள் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்தினர், யாரை எழுந்து நின்று வரவேற்றனர், யாரை வாயிலில் காக்க வைத்தனர் என்பவற்றை அறிய விரும்புவோர்க்குக் கொலுமண்டபத்தினும் விடுதியின் வாயிற்படியே மிகுதியும் உதவும் என்பது நம் கருத்து. ஆதலின் இம்முறை ஸ்காட்லாந்து தேசத்தின் மேற்குப் பாகத்தில், இன்வரரே என்னும் சிற்றூரில், லாக் பைன் என்னும் நீர்ப்பரப்பின் கரையில் இருநூற்றெழுபது ஆண்டுகளாக நிற்கும் ஒரு விடுதியின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

முதற்கண் ஒரு சொல் விளக்கம் வேண்டும். அந்நாட்டார் ஏரியையும் 'லாக்' என்பர். மலைகளுக்கிடையே நெடுந்தூரம் புகுந்து கிடக்கும் கடற்கழியையும் 'லாக்' என்றே வழங்குவர். லாக் பைன் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. கடலினின்று ஏறக்குறைய 40 மைல் நிலத்தினுள் நுழைந்து, அந்நாட்டுக் கடற்கழிகளுள் மிக நீண்டதென்று பெயர் பெற்றது. அதன் நீர் உப்பு நீர். அதில் பெருங்கூட்டமாய்த் திரிந்த ஹெரிங் என்னும் மீனே இன்வரரே ஊரார்க்கு நெடுங்காலம் சோறு போட்டது. அவ்வூர் நகரசபையின் முத்திரையில், 'உனக்கு என்றும் ஹெரிங் தொங்குக' என்னும் பொருள்பட லத்தீன் வாசகம் ஒன்று பொறித்திருந்தனர் என்றால், மீனுக்கும் ஊருக்கும் இருந்த உறவை வேறு விளக்க வேண்டுவதில்லை.

இனி, விடுதி என்னும் சொல்லைக் குறித்தும் ஒன்று கூறுவோம். நம் நாட்டுச் சத்திரம் தர்மத்தின் பொருட்டு எழுந்தது. வந்தவனுக்கு அன்னமும் திண்ணையும் விலையின்றிக் கிடைத்தன. நாம் சொல்லப்போகும் விடுதியோ காசு வாங்கிக்கொண்டு கட்டிலும் உணவும் குதிரைக்குத் தீனியும் கொடுத்த இடம். இவ்வேற்றுமையை மனத்திற்கொண்டாலன்றிப் பின்வரும் சம்பவங்களின் சுவை விளங்காது.

இன்வரரே பிரதேசம் காம்பெல் குலத்தாரின் தலைநிலம். அக்குலத் தலைவரே ஆர்கைல் கோமகன் என்னும் பட்டமுடையார். 1743-ம் ஆண்டு அப்பட்டத்துக்கு வந்த மூன்றாம் கோமகன் ஆர்ச்சிபால்ட் காம்பெல் என்பார் அதற்கு முன்னரே ஐலே பிரபு என்னும் பெயரால் ஸ்காட்லாந்து ராஜாங்க காரியங்களை நடத்தி வந்த வல்லவர். 1727-ல் தோன்றிய ஸ்காட்லாந்து ராயல் பாங்கியின் முதல் கவர்னரும் அவரே. அப்பாங்கி பிற்காலத்தில் வெளியிட்ட நோட்டுகளில் அவர் முகம் அச்சிடப்பெற்றது. பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. மனைவி மக்களோடு அமர்ந்து சுகிக்க வேண்டிய பிராயத்தில் அவர் செய்யத் துணிந்த காரியமோ மிகப் பெரிது. பழைய கோட்டையை விட்டுப் புதிய மாளிகை ஒன்று எடுப்பது. அம்மாளிகையின் முன் கிடந்த பழைய ஊரையே பெயர்த்து, அரை மைல் தொலைவில், தூக்குமர முனை என்று வழங்கிய கரைப்பகுதியில் புதிதாக நிறுவுவது.

பழைய இன்வரரே வெறும் குப்பமன்று. 1648-ம் ஆண்டில் முதலாம் சார்லஸ் மன்னரிடம் ராஜ நகரம் என்னும் உரிமைச் சாஸனம் பெற்றது. அங்கே கடைகள் இருந்தன, கோவில் இருந்தது, வழக்குமன்றம் இருந்தது. பெரியவர் ஒருவர் தம் சாளரத்தினின்று நோக்கும்போது புல்வெளியும் மரமும் தோன்ற வேண்டும், பிறர் வீட்டுப் புகை தோன்றலாகாது என்று கருதியமையால் அவ்வூர் முழுதும் எழும்ப வேண்டியதாயிற்று. புதிய ஊர் பழையதனினும் சுத்தமானது, ஒழுங்கானது, கல்லால் கட்டியது என்பதெல்லாம் உண்மையே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் பாட்டன் முப்பாட்டன் வாழ்ந்த மனை மேடு இன்று மாளிகையின் புல்தரையாய்க் கிடக்கிறதென்பதும் உண்மையே. புதிய ஊரின் அழகைப் புகழும் நூலார் பலர் இப்பகுதியை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவது நமக்கு உவப்பாயில்லை.

மாளிகைக்கு 1746-ம் ஆண்டு அக்டோபரில் அடிக்கல் நாட்டினர். சித்திரம் வரைந்தவர் ரோஜர் மாரிஸ். மேற்பார்வை வில்லியம் ஆடம் என்பாரிடமும், அவர் காலஞ்சென்ற பின் அவர் மக்களிடமும் வந்தது. அம்மக்களுள் மூத்தவரான ஜான் ஆடம் என்பவரே புதிய ஊரின் முகப்பை வகுத்தார். அவ்வூரில் முதன்முதல் எழுந்த கட்டடங்களுள் ஒன்று பெருவிடுதி. 1750-ஐ ஒட்டித் திட்டம் தீட்டப்பெற்று, 1755-ஐ ஒட்டி வேலை முடிந்தது. குடிகளுக்கு வீடு எழும்பு முன்னே பிரயாணிகட்கு விடுதி எழுந்ததென்பதைக் கவனிக்க வேண்டும். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. மாளிகையோ முடியவில்லை, கோமகனைக் காண வரும் பிரபுக்களும் வக்கீல்களும் சிற்பிகளும் படுக்க இடம் வேண்டும். அன்றியும் வழக்குமன்றத்துக்கு வரும் நீதிபதிகளும் அவர் பரிவாரமும் தங்க வேண்டும். கரையை நோக்கி நீண்ட வெண்சுவர், அலங்காரம் அதிகமில்லை, பக்கத்தில் பிற்காலத்தில் ராபர்ட் மைல்ன் என்பார் எழுப்பிய வளைவு வாயில். இவ்வளவே வெளித்தோற்றம்.

இவ்விடுதியின் கதை சாலையின் கதையுமாகும். அதற்கு முன் கிளாஸ்கோ, டம்பார்டன் முதலிய இடங்களினின்று இன்வரரே வருவோர் மலைத்தடம் பற்றியும் படகேறியும் வர வேண்டும். சக்கரம் பூண்ட வண்டி செல்லும் வழி இல்லை. மலைநாட்டாரின் கலகங்களை அடக்கும் பொருட்டுத் துரைத்தனத்தார் பட்டாளச் சாலைகள் போட்ட காலம் அது. அவ்வேலையைத் தொடங்கிய வேட் என்னும் தளபதிக்குப் பின் அதனை நடத்தியவர் வில்லியம் கால்பீல்டு. டம்பார்டனிலிருந்து இன்வரரே வரை 44 மைல் நீளும் சாலை அவர் காலத்தது. 1745-ம் ஆண்டுக் கலகத்தால் அவ்வேலை இடையில் நின்றது; பின்னர்த் தொடர்ந்து, 1748-ல் கிளென் குரோ என்னும் பள்ளத்தாக்கின் உச்சியை எட்டி, 1750-ஐ ஒட்டி நிறைவேறியது. மண்ணை வெட்டிப் பாறையை உடைத்தவர்கள் சிப்பாய்கள். போர்க்களத்தில் இறந்த சிப்பாய்க்குக் கல்லெழுத்து உண்டு. சாலை வெட்டிய சிப்பாயின் பெயரை எக்கல்லும் சொல்லவில்லை. ஆனால் கல் ஒன்று உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 800 அடி உயரமுள்ள அவ்வுச்சியில், மூச்சு வாங்க ஏறிவந்தவன் உட்காருவதற்கோர் இருக்கையும், 'இளைப்பாறி நன்றி கூறுக' என்னும் கருத்துள்ள வாசகமும் அமைத்தனர். அதுவே அக்கணவாயின் பெயராய் இன்றளவும் நிலைத்துவிட்டது.

அச்சாலையில் மைல்கற்களும் நட்டிருந்தனர். ஊரார் அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டனராம்! புதிய மைல் தங்களுக்கு வேண்டாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஸ்காட்லாந்தின் பழைய மைல் ஆங்கில மைலினும் நீளமானது. புதுக் கணக்கில் வழி அதே வழிதான், எண்ணிக்கை மட்டும் கூடும். பட்டாளத்தார் போட்ட சாலையை ஏற்றுக்கொண்டு அவர்கள் கொணர்ந்த அளவை மட்டும் மறுத்த அம்மலைநாட்டாரின் பிடிவாதத்தை நாம் சிறிது வியந்தே பார்க்கின்றோம்.

கோச் வண்டி ஓடிய காலத்தில் ஒரு விடுதியின் உயிர்நிலை அதன் சமையலறையன்று, லாயமே. குதிரை பத்துப் பதினைந்து மைலுக்கு மேல் பாரவண்டியை இழுத்து ஓடாது. ஆதலின் அவ்வளவு தூரத்துக்கொரு விடுதி இருந்து, களைத்த குதிரையை அவிழ்த்து, புதுக் குதிரையைப் பூட்டி அனுப்ப வேண்டும். லாக் லோமண்ட் ஏரிக்கரையில் லஸ், டார்பெட், அப்பால் அராக்கர், கணவாய் கடந்து லாக் பைன் தலைமாட்டில் கெய்ர்ண்டோ, அங்கிருந்து கழியைச் சுற்றிவந்தால் இன்வரரே. ஒன்றன்பின் ஒன்றாக நின்ற இவ்விடுதிகளே அவ்வழியின் கணுக்கள். ஏற்றம் கடுமையான இடங்களில் பிரயாணிகள் வண்டியை விட்டிறங்கி நடந்தே ஏறுவர். கட்டணமும் கொடுத்து நடையும் நடப்பது அக்காலப் பிரயாணத்தின் விசேஷம்.

விடுதிச் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்த 1752-ம் ஆண்டில் இன்வரரேயில் நிகழ்ந்த ஒரு வழக்கினை இங்கே குறியாமல் விடலாகாது. அவ்வாண்டு மே மாதம் 14-ம் தேதி, அப்பின் என்னும் பகுதியில், பறிமுதலான நிலங்களை மேற்பார்த்த காலின் காம்பெல் என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் அகப்படவில்லை. உடந்தையென்று ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவரைப் பிடித்து இன்வரரேக்குக் கொணர்ந்தனர். தீர்ப்புக் கூற அமர்ந்த ஜூரிகள் பதினைவருள் பதினொருவர் காம்பெல் குலத்தார். தலைமை நீதிபதியாய் வீற்றிருந்தவரோ அக்குலத்துக்கே தலைவரான கோமகன். கொலையுண்டவன் எக்குலமோ அக்குலமே நீதி பீடத்திலும் நிறைந்திருந்தால் முடிவு எவ்வாறிருக்கும்? நவம்பர் 8-ம் தேதி அவரைப் பல்லஹுலிஷ் என்னுமிடத்தில் தூக்கிலிட்டனர். குலப்பற்று நல்லதே, நம்போன்ற சங்கத்தார் அதனை இகழ்தல் இயலாது. ஆயினும் அது தராசின் தட்டில் ஏறி உட்காரும்போது என்ன விளையும் என்பதற்கு இன்வரரே வழக்கைப் போன்ற உதாரணம் கிடைப்பது அரிது. ஸ்டீவன்ஸன் என்னும் நாவலாசிரியர் 1886-ல் வெளியிட்ட 'கிட்னாப்டு' என்னும் கதைக்கு இக்கொலையையே நடுநாயகமாகக் கொண்டார். விடுதி கட்டியவரும் அவ்வழக்கில் தலைமை வகித்தவரும் ஒருவரே என்பதை மறவாமல் மேலே செல்வோம்.

மூன்றாம் கோமகன் 1761-ல் மாளிகையின் நிறைவைக் காணாமலே இறந்தார். 1770-ல் பட்டத்துக்கு வந்த ஐந்தாம் கோமகன் ஜான் காலத்திலேதான் பழைய ஊரின் எஞ்சிய பகுதி இடிபட்டு, புதிய ஊர் முழுமை பெற்றது. இவ்விரு நிலைக்கும் இடைப்பட்ட 1773-ம் ஆண்டில், பெருவிடுதி பழைய ஊர் ஒருபுறமும் பாதி எழுந்த புதிய ஊர் ஒருபுறமுமாக நின்ற சமயத்தில், அதன் புகழுக்கே காரணமாகிய இரு விருந்தினர் வந்து சேர்ந்தனர்.

ஆங்கில அகராதி செய்த சாமுவேல் ஜான்ஸனும் அவர் நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல்லுமே அவ்விருவர். ஆகஸ்டு மாதம் எடின்பரோவை விட்டுப் புறப்பட்டு, மலைநாட்டையும் மேற்குத் தீவுகளையும் சுற்றி, அக்டோபர் 23-ம் தேதி சனிக்கிழமையன்று ஓபன் துறையிலிருந்து குதிரையேறி இன்வரரே வந்தனர். ஜான்ஸனுக்கு அப்போது வயது 64. உடல் பாரமோ சொல்ல வேண்டுவதில்லை. அன்று காற்றும் மழையும் கொடுமையாய் அடித்தன. மலைச்சரிவினின்று வழிக்குக் குறுக்கே ஓடிய ஓடைகளை எண்ணத் தொடங்கிய ஜான்ஸன், பத்து மைலில் 55 ஓடை கண்டதாக எழுதியிருக்கிறார். இந்நிலையில் நனைந்து வந்தவர்க்கு இன்வரரே விடுதி வெறும் வசதியான இடமாக மட்டுமன்றிக் கம்பீரமான இடமாகவும் தோன்றியதில் வியப்பில்லை. தீவுகளில் குடிசைகளிலும் வைக்கோற் படுக்கையிலும் படுத்து வந்தவர் அன்றோ!

அன்றிரவு நடந்ததொன்று இலக்கிய உலகில் பிரசித்தம். ஜான்ஸன் பல்லாண்டுகளாக மதுவை விலக்கியிருந்தவர். ஸ்காட்லாந்து முழுதும் சுற்றியும் அந்நாட்டுச் சாராயமாகிய விஸ்கியை அவர் தொடவில்லை. இன்வரரே விடுதியில் அமர்ந்தபோது, ஸ்காட்லாந்துக்காரனை மகிழ்விக்கும் பொருள் இன்னதென்று அறிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, ஒரு சிறு அளவு கொணரச் செய்து பருகினார். ஒரு துளி மட்டும் விட்டு மற்றெல்லாம் குடித்தாராம். அத்துளியைத் தம் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ள பாஸ்வெல் அனுமதி கேட்டாராம். தாமும் அவரும் சேர்ந்து விஸ்கி குடித்ததாகச் சொல்லிக்கொள்ள வேண்டுமென்பது அவர் ஆசை. குருவின் எச்சிலுக்கு ஏங்கிய இச்சீடனைக் கண்டு நகைப்போர் நகைக்கட்டும். இச்சீடன் இல்லாவிடில் அக்குருவின் பேச்சில் நூற்றிலொரு பங்கும் நமக்குக் கிடைத்திராது.

பாஸ்வெல்லுக்கு விடுதியில் மற்றொரு மகிழ்ச்சியும் காத்திருந்தது. லண்டன் நாடக மேடையில் புகழ்பெற்ற காரிக் என்னும் நடிகர் எழுதிய கடிதம் அங்கே வந்து கிடந்தது. வழிப்பிரயாணிகட்குக் கடிதம் சேரும் நிலையமாகவும் விடுதிகள் இருந்தன என்பது இதனால் விளங்கும்.

ஆனால் ஒரு சங்கடமும் காத்திருந்தது. கோமகனைச் சென்று காண்பதா வேண்டாவா? ஐந்தாம் கோமகனின் மனைவியார், பேரழகி என்று பெயர் பெற்ற எலிஸபெத் கன்னிங், முன்னர் ஹாமில்டன் கோமகனுக்கு வாழ்க்கைப்பட்டவர். டக்ளஸ் குலத்துச் சொத்து பற்றி நடந்த பெருவழக்கில் அவர் மகனுக்கு எதிராக பாஸ்வெல் பகிரங்கமாய் எழுதியவர். 1769-ல் பிரபுக்கள் சபையிலே அம்மகன் தோற்றான். ஆதலின் கோமகளுக்கு பாஸ்வெல்லைக் கண்டால் ஆகாது. பாஸ்வெல் ஜான்ஸனிடம் யோசனை கேட்டார். கோமகனைக் காண்பதே முறை. ஆனால் விருந்துக்கு அழைப்பு வேண்டி வந்ததாகத் தோன்றாதபடி உணவு முடிந்த பின் போக வேண்டும் என்று ஜான்ஸன் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவ்வாறே சென்றார். கோமகன் அன்போடு வரவேற்று மறுநாள் இருவரையும் விருந்துக்கு அழைத்தார். திங்கட்கிழமை விருந்தில் கோமகள் ஜான்ஸனை அருகிலிருத்தி உபசரித்தார். பாஸ்வெல்லை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பாஸ்வெல்லும் விடவில்லை: கிண்ணத்தை உயர்த்தி, கோமகளின் ஆரோக்கியத்துக்கென்று அவரை நோக்கிச் சொல்லியே பருகினார்! அக்டோபர் 26-ம் தேதி கோமகன் அளித்த நல்ல குதிரை மீது ஜான்ஸன் அமர, இருவரும் கணவாய் வழியே லாக் லோமண்டை நோக்கிப் புறப்பட்டனர். மைல்கல் பிடுங்கிய செய்தியை நமக்குச் சொல்லியவரும் ஜான்ஸனே.

பதினான்கு ஆண்டுகள் சென்றன. 1787-ம் ஆண்டு ஜூன் மாதம் மற்றொருவர் அவ்வாயிலுக்கு வந்தார். அவர் உழவர் மகன், வயது 28, பெயர் ராபர்ட் பர்ன்ஸ். அவ்வாண்டு ஏப்ரலில்தான் எடின்பரோவில் அவர் கவிதைகளின் புதிய பதிப்பு வெளிவந்து, பிரபுக்களும் பண்டிதரும் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். ஆனால் இன்வரரே விடுதியில் அன்று கோமகனின் விருந்தினர் நிறைந்திருந்தனர். விடுதிக்காரர் அவர்களைக் கவனிப்பதிலேயே மூழ்கி, வழிப்போக்கனாய் வந்த கவியைத் திரும்பிப் பாராமலிருந்துவிட்டார். கவிக்குக் கோபம் வந்தால் என் செய்வார்? பாட்டுத்தான். கோமகனிடம் காரியம் இல்லாதவன் இவ்வூரில் வந்து தங்க நேர்வது பரிதாபத்துக்குரியது என்னும் கருத்தமைய, மலைநாட்டுச் செருக்கையும் பசியையும் ஒருங்கே குத்திய நறுக்குக் கவிதை ஒன்றை இயற்றினார். விடுதிச் சாளரத்தின் கண்ணாடியிலேயே அதனைக் கீறி வைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. கண்ணாடியில் கீறுவது அவருக்குப் பிற இடங்களிலும் வழக்கமே.

இவ்விரு வருகைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போர்க்கு விடுதியின் இயல்பு நன்கு புலனாகும். ஜான்ஸன் வந்தது கூதிர்ப் பருவத்தின் கடைசி, கூட்டமில்லாத காலம். பர்ன்ஸ் வந்தது கோடை. மாளிகைக்கு விருந்தினர் மொய்க்கும் காலம். இதனை விடுதிக்காரர் தரப்பில் நாம் சொல்லியாக வேண்டும். கட்டடமும் நிலமும் கோமகனுடையவை. அவர் விருந்தினரை விட்டு வேறொருவரைக் கவனித்தால் நாளைக்குக் குத்தகை யாருக்கோ! ஆயினும் காசு கொடுத்து உண்ண வந்தவனிடத்திலும் அவன் யாருடைய ஆள் என்று பார்த்தே இலை போடுவது என்னும் வழக்கம் பெரியவர் நிழலில் நடக்கும் எவ்விடுதிக்கும் உரியதாகிவிடுகிறது. வழிப்போக்கர்க்கென்று கட்டியதாகச் சொல்லப்பெற்ற வீடு மெய்யாகவே மாளிகையின் வெளிக்கட்டாகவே இருந்ததென்று நாம் நினைக்கின்றோம். இன்று அவ்வூருக்குச் செல்வோர்க்கு அக்கவியின் வருகையைப் பெருமையாக எடுத்துச் சொல்கின்றனர். கவனியாதிருந்த விருந்தினனே காலம் சென்றபின் கவனிக்கத்தக்க விருந்தினனாகிவிட்டான்.

1803-ம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் வில்லியம் வோர்ட்ஸ்வொர்த் என்னும் கவியும் அவர் தங்கை டாரதியும் ஒற்றைக் குதிரை பூட்டிய சிறு வண்டியில் வந்தனர். உடன் வந்த கோலரிட்ஜ் அராக்கரிலேயே பிரிந்து போயினார். டாரதி அம்மையார் எழுதிய பிரயாணக் குறிப்பு அவர் காலஞ்சென்ற பின் 1874-ல்தான் அச்சேறியது. இவ்விடுதியில் பணியாட்களும் பெரிய அறைகளும் தங்கள் மனத்துக்கு ஒத்த அளவினும் மிகுதி, ஆயினும் அச்சூழலுக்குப் பொருத்தமே என்று அவர் நயமாக எழுதினார். பர்ன்ஸ் கோபித்துச் சொன்னதையே இவ்வம்மையார் புன்னகையோடு சொன்னார் போலும்.

1818-ம் ஆண்டு ஜூலையில் கீட்ஸ் என்னும் இளங்கவி, பிரவுன் என்னும் நண்பரோடு கால்நடையாகவே அவ்வழி வந்தார். கிளென் குரோவில் ஏறும்போது, உச்சியில் இருப்பதாகச் சொல்லப்பட்ட 'இளைப்பாறி நன்றி கூறுக' என்பது ஒரு விடுதியின் பெயரென்றே எண்ணி, காலையுணவு கிடைக்குமென்று ஆவலோடு ஏறினார்களாம். ஏறிப் பார்த்தால் கல்லிருக்கை! பசியோடு மேலும் சில மைல் நடந்து கெய்ர்ண்டோவில் உண்டனர், கீட்ஸ் லாக் பைன் உப்புநீரில் குளித்தார், ஈக்கள் கடித்தன, அதைக் குறித்தும் பாட்டெழுதினார். அன்றிரவு இன்வரரேயில் ஒரு களஞ்சியத்தில் 'அந்நியன்' என்னும் ஜெர்மானிய நாடகத்தை நடிப்பதாக விளம்பரம் கண்டு, கால் புண்ணான பிரவுனைத் தங்கிய இடத்தில் விட்டுவிட்டுத் தாம் மட்டும் சென்று பார்த்தார். சோக நாடகத்தின் நடுநடுவே பைக்குழலை ஊதியதால் அவர் பட்ட பாட்டைக் கடிதத்தில் நகைச்சுவையாக விவரித்திருக்கிறார்.

இவ்விடத்தில் நம்மவர்க்கு உரிய செய்தி ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம். இதே இன்வரரேயில் 1739-ல் பிறந்த சர் ஆர்ச்சிபால்ட் காம்பெல் என்பவர் 1786 முதல் 1789 வரை சென்னைக் கவர்னராயிருந்து, 1787-ல் ஆர்க்காட்டு நவாபுடன் உடன்படிக்கை செய்தவர். பர்ன்ஸ் இன்வரரே விடுதியில் கோபித்துக்கொண்ட அவ்வாண்டிலேயே இன்வரரேக்காரர் ஒருவர் செயிண்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆட்சி செலுத்தினார்.

கோச் வண்டியின் காலம் நெடிது நிற்கவில்லை. 1812-ல் கிளைட் நதியில் 'காமெட்' என்னும் நீராவிப் படகு ஓடத் தொடங்கியது. 1818-ல் லாக் லோமண்டிலும் நீராவிப் படகு வந்தது. கடற்கழியின் கரையில் இருந்தமையால் இன்வரரேக்கு இதனால் லாபமே: கணவாய் ஏறாமல், குதிரை மாற்றாமல், கிளாஸ்கோவிலிருந்து நீர்வழியாகவே பகற்பொழுதில் வந்திறங்க முடிந்தது. 1877-ல் ஓடத் தொடங்கிய 'லார்ட் ஆப் தி ஐல்ஸ்' என்னும் கப்பல் கோடைதோறும் கூட்டம் கூட்டமாய்ப் பிரயாணிகளைக் கொணர்ந்து கொட்டியது. ஆனால் அவர்கள் இரவு தங்குவோரல்லர். காலையில் வந்து, ஊர் சுற்றி, உண்டு, அக்கப்பலிலேயே திரும்புவோர். லாயம் சுருங்கிற்று, உணவுக்கூடம் பெருகிற்று. ரயிலோ அவ்வூருக்கு வரவேயில்லை. 1877-ல் டால்மலி வரையும் 1880-ல் ஓபன் வரையும் சென்ற ரயில் இன்வரரேயை ஒதுக்கிவிட்டுப் போயிற்று. 1894-ல் திறந்த மேற்கு மலைநாட்டு ரயிலும் அராக்கர், டார்பெட் பக்கமாகவே சென்றது. அதனால் ரயில்நிலையங்களினின்று இன்வரரேக்குக் குதிரை வண்டிகள், பிற இடங்களில் அவை மறைந்த பின்னும், ஓடிக்கொண்டிருந்தன. ஊர் பின்தங்கிற்று என்று சிலர் வருந்துவர். ஜான் ஆடம் வகுத்த வெண்முகப்பு மாறாமல் நிற்பதற்கும் அப்பின்தங்கலே காரணம் என்பதை அவர்கள் கருதுவதில்லை.

விக்டோரியா மகாராணியார் 1847-லும் 1875-லும் இன்வரரே வந்தனர். ஆனால் மாளிகையிலேயே உபசாரம் பெற்றனர். 1940-ம் ஆண்டு முதல் நான்காண்டுகள் லாக் பைன் கரை முழுதும் பட்டாளமயமாயிற்று. பகைவர் கரையில் கப்பலினின்று இறங்கிப் போர் புரியும் முறையைக் கற்பிக்கும் நிலையம் அங்கே ஏற்பட்டு, ஏறக்குறைய இரண்டரை லட்சம் போர்வீரர் பயிற்சி பெற்றனர். நார்மண்டியில் இறங்கினோர் பலர் முதன்முதல் படகினின்று குளிர்நீரில் குதித்தது இக்கழியிலேதான்.

விடுதியின் பெயரும் காலந்தோறும் மாறி வந்தது. பெருவிடுதி என்று தொடங்கி, ஆர்கைல் ஆர்ம்ஸ் என்றும் ஆர்கைல் ஹோட்டல் என்றும் வழங்கி, அண்மைக் காலத்தில் ஊர்ப் பெயராலேயே இன்வரரே இன் என்று பெயர் கொண்டது. இன்வரரேக்குச் செல்லும் வழியோ இன்றும் அக்கணவாயைத்தான் நம்பியிருக்கிறது. 1930-களின் பிற்பகுதியில் மலைச்சரிவின் மேற்பாகத்தில் புதிய மோட்டார் சாலை அமைத்தனர். மழைக்காலத்தில் மலை சரிந்து அச்சாலையின்மேல் விழுவது பலமுறை நேர்ந்தது. 2020-ம் ஆண்டு ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான டன் மண்ணும் கல்லும் ஒருங்கே இறங்கி வழியை அடைத்துவிட்டன. அப்போது வண்டிகளைத் திருப்பிவிட்ட மாற்றுவழி, பள்ளத்தாக்கின் அடியில், கால்பீல்டின் சிப்பாய்கள் 1748-ல் வெட்டிய பழைய பட்டாளச் சாலையே. மோட்டார் வண்டிகள் அதில் ஒரு திசைக்கு ஒரு வரிசையாக, முன்னே ஒரு வழிகாட்டி வண்டி செல்ல, மெல்ல ஏறிப் போயின.